மதம் கேட்காத சட்டமும் ஊரைக் கேட்கும் பலகையும்

வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த இருவர் மணந்துகொள்வது பற்றித் தொலைக்காட்சியில் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். மார்க்கம் அனுமதிக்கிறதா, பண்பாடு தாங்குமா, பெற்ற மனம் என்ன பாடுபடும் என்று எல்லாமே பேச்சில் வருகிறது. அந்த இருவரும் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், அவர்களைத் தடுக்க யாருக்கு உரிமை உண்டு என்பது மட்டும் வருவதில்லை. சட்டமும் ஒழுக்கமும் மதமும் உண்மையில் உரசிக்கொள்வது, மணக்கப்போகிறவர்களின் விவரத்தை ஒட்டிவைக்கும் சார்பதிவாளர் அலுவலகத்து அறிவிப்புப் பலகையில்தான். அந்தப் பலகையைப் பற்றித் தெரியாமல் பேசும் எந்தத் தரப்பின் வாதமும் பாதி வாதமே.

இங்கே பேசப்போவது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், வழக்கில் ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட். 1955 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதற்கு ஒரு முன்னோடி உண்டு. கேசவ சந்திர சென் தலைமையில் பிரம்ம சமாஜத்தார் தங்கள் திருமணங்களுக்குச் சட்டத் தகுதி கேட்டதன் விளைவாக 1872இல் ஒரு சட்டம் வந்தது. அதில் மணம் செய்ய விரும்பியவர்கள் தாங்கள் இந்துவோ முஸ்லிமோ கிறித்தவரோ வேறெந்த மதத்தவரோ அல்ல என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. மணக்க வேண்டுமானால் மதத்தைத் துறக்க வேண்டும் என்பதே அதன் பொருள். 1923இல் ஹரி சிங் கௌர் கொண்டுவந்த திருத்தம் இந்து, பௌத்த, சீக்கிய, சமண மதத்தார் தமக்குள் மணக்கும்போது மட்டும் அந்தத் துறப்பைத் தளர்த்தியது. 1954ஆம் ஆண்டுச் சட்டம்தான் கேள்வியையே எடுத்துவிட்டது. மணமக்கள் எந்த மதத்திலும் இருக்கலாம், அதிலேயே தொடரலாம், மதமே இல்லாமலும் இருக்கலாம்.

நான்காம் பிரிவு கேட்பவை சில நிபந்தனைகள்தான். இருவரில் யாருக்கும் உயிரோடிருக்கும் வேறு கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது. சம்மதம் சொல்லும் மனநிலையும், திருமண வாழ்வுக்குத் தடையாகாத மன நலமும் வேண்டும். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் அட்டவணையில் தடைசெய்யப்பட்ட உறவுமுறைக்குள் இருவரும் வரக் கூடாது. அவ்வளவுதான். பெற்றோர் சம்மதம் இதில் இல்லை. சாதி, மதம், வருமானம், ஊர் மரியாதை எதுவும் இல்லை. அந்தப் பிரிவு தொடங்கும்போதே, திருமணம் நடத்துவது பற்றிய வேறு எந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும் இதுவே பொருந்தும் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறது. இந்த முதல் வரியை நீதிமன்றங்களே சில நேரம் தவறவிடுகின்றன. 2024 மே மாதம் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம், முஸ்லிம் ஆணும் இந்துப் பெண்ணும் இச்சட்டத்தின் கீழ் மணந்தாலும் முஸ்லிம் தனிச்சட்டப்படி, அதாவது அந்த மதத்தாருக்கென உள்ள குடும்பச் சட்டப்படி, அது முறையற்ற திருமணமே என்று கூறி, பாதுகாப்புக் கேட்டு வந்தவர்களின் மனுவைத் தள்ளியது. தனிச்சட்டத்தை ஒதுக்கி வைப்பதற்காகவே வந்த ஒரு சட்டத்தைத் தனிச்சட்டத்தை வைத்து அளந்தால் அந்தச் சட்டத்துக்கு வேலையே இல்லாமல் போகும். அந்தத் தீர்ப்பு தவறு என்பதே என் உறுதியான கருத்து.

உறவுமுறைத் தடையில் நம் ஊர்க்காரர்கள் வழுக்கி விழுவது அதிகம். அத்தை மகள், மாமன் மகன் எல்லாம் இச்சட்டத்தின் தடைப்பட்டியலில் இருக்கிறார்கள். எங்கள் வழக்கத்தில் உண்டு என்று வாயால் சொன்னால் போதாது. மாநில அரசு அரசிதழில் அறிவித்த வழக்கமாக இருந்தால்தான் விலக்கு. சொந்தத்தில் மணக்கும் இந்துக்கள் இந்து திருமணச் சட்டத்தின் கீழ்ப் போவதே அவர்களுக்கு நேர்வழி.

இனி நடைமுறை. தமிழ்நாட்டில் பதிவுத்துறையின் சார்பதிவாளர்தான் திருமண அலுவலர். இருவரில் ஒருவராவது, விண்ணப்பம் கொடுக்கும் நாளுக்கு முன் தொடர்ச்சியாக 30 நாளாவது அந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியேறி வேறு மாவட்டத்துக்கு வந்தவர்கள் பலர் முதல் அடியிலேயே இதில்தான் தடுக்கப்படுகிறார்கள். சென்னையில் வேலை பார்க்கும் இருவர் சொந்த ஊர் முகவரியுள்ள ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்குப் புத்தகம், நிறுவனம் தரும் சான்று என்று இருப்பிடத்தைக் காட்டும் ஏதாவது ஒன்றை முன்கூட்டியே தயார் செய்துகொள்ள வேண்டும். எந்த ஆவணத்தை ஏற்பார்கள் என்பதை அந்தந்த அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுவது இரண்டாவது நடையை மிச்சப்படுத்தும்.

விண்ணப்பம் என்று நாம் சொல்வது சட்டத்தின் கணக்கில் ஓர் அறிவிப்பு. இரண்டாம் அட்டவணையிலுள்ள அந்தப் படிவத்தில் இருவரின் பெயர், திருமணமாகாதவரா, துணையை இழந்தவரா, மணவிலக்குப் பெற்றவரா என்ற நிலை, தொழில், வயது, இப்போதைய முகவரி, நிரந்தர முகவரி, எவ்வளவு காலமாகக் குடியிருக்கிறார் என்பது வரை கேட்கப்படும். இருவரும் கையெழுத்திட வேண்டும். இந்த விவரமெல்லாம் திருமண அறிவிப்புப் புத்தகத்தில் ஏறும். யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் அதைப் பார்க்கலாம். ஒரு நகல் அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டப்படும். மணமக்களில் ஒருவரின் நிரந்தர ஊர் வேறு மாவட்டம் என்றால் அந்த மாவட்டத் திருமண அலுவலருக்கும் ஒரு நகல் போகும், அங்கும் பலகையில் ஏறும். ஆக, ஊருக்குத் தெரியாமல் சென்னைக்கு வந்து பதிவு செய்ய நினைத்தவர்களின் பெயரும் முகவரியும், அவர்கள் எந்த ஊரை விட்டு வந்தார்களோ அதே ஊரின் பலகையில் தொங்கும்.

நாள் கணக்கைக் கவனமாகப் போட வேண்டும், ஏனென்றால் சட்டத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. அறிவிப்பு வெளியிடப்பட்ட நாளிலிருந்து 30 நாள் கழிந்த பிறகே திருமணம் நடக்க முடியும். ஆனால் மூன்று மாத வரம்போ அறிவிப்பை அலுவலரிடம் கொடுத்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். அதற்குள் திருமணம் நடக்காவிட்டால் எல்லாம் காலாவதியாகி, புதிய அறிவிப்பு கொடுத்து மறுபடி 30 நாள். கொடுத்த அறிவிப்பை அலுவலகம் பலகையில் ஒட்டாமல் இரண்டு வாரம் வைத்திருந்தால் முதல் கடிகாரம் நிற்கிறது, இரண்டாவது ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் கொடுத்த அன்றே தேதியிட்ட ஒப்புகை வாங்க வேண்டும், ஒட்டிய தேதி எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். புதிய மாவட்டத்துக்குக் குடிவந்தவர்களுக்குக் குடியிருப்பு 30, அறிவிப்பு 30 என்று குறைந்தது இரண்டு மாதம் ஆகும். வெளிநாட்டுப் பயணம், வேலையில் சேரும் தேதி எல்லாவற்றையும் இதை வைத்தே திட்டமிட வேண்டும்.

ஆவணங்களில் சிக்கல் வருவது பெரும்பாலும் பெயரில். பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து, கடவுச்சீட்டில் முதலெழுத்து விரிந்து தந்தை பெயர் முழுதாக நிற்கும். அறிவிப்பு கொடுக்கும் முன்பே இவற்றைச் சரிசெய்துவிட வேண்டும், அறிவிப்பு ஏறிய பின் திருத்துவது பெரும்பாடு. மணவிலக்குப் பெற்றவர் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கொண்டுவர வேண்டும், அதோடு மேல்முறையீட்டுக் காலமான 90 நாள் கழிந்திருக்க வேண்டும். தீர்ப்பு வந்த மறுவாரமே அறிவிப்பு கொடுக்க ஓடுவது எதிர்த்தரப்புக்கு நாமே ஆட்சேபணைக் காரணம் எடுத்துக் கொடுப்பது போல. துணையை இழந்தவருக்கு இறப்புச் சான்று. வெளிநாட்டவர் என்றால் மணத்தடை ஏதுமில்லை என்று அவர் நாட்டுத் தூதரகம் தரும் சான்றைக் கேட்பார்கள், அதை வாங்குவதற்கே பல வாரம் ஆகலாம்.

பெற்றோரை அழைத்து வாருங்கள், பெற்றோர் கடிதம் வாங்கி வாருங்கள் என்று சொல்லும் அலுவலர்கள் இருக்கிறார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை. மறுப்பதானால் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் தரும்படி பணிவாகக் கேட்பதுதான் இதற்கு வழி. எழுத்தில் கேட்டவுடன் பல வாய்மொழி நிபந்தனைகள் மறைந்துவிடும். அதே நேரத்தில் அலுவலரின் பயத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். அறிவிப்பை வெளியிடாமலோ 30 நாள் முடியும் முன்போ தெரிந்தே திருமணம் நடத்தினால் அவருக்கு ஓராண்டு வரை சிறையோ 500 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. பலகை விஷயத்தில் எவ்வளவு கெஞ்சினாலும் அவர் இளகாததற்குக் காரணம் அதுதான்.

அடுத்தது ஆட்சேபணை. யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம், உறவினராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எதைச் சொல்லி ஆட்சேபிக்கலாம் என்பதில் சட்டம் கறாராக இருக்கிறது. நான்காம் பிரிவின் நிபந்தனைகளில் ஒன்று மீறப்படுகிறது என்பது மட்டுமே காரணமாக முடியும். அவள் எங்கள் வீட்டுப் பெண், அவன் வேற்று மதம், எங்கள் மனம் புண்படுகிறது என்பதெல்லாம் ஆட்சேபணையே அல்ல. சொல்லப்படும் ஆட்சேபணை புத்தகத்தில் எழுதப்பட்டு, சொன்னவருக்கு வாசித்துக் காட்டி, அவர் கையெழுத்து வாங்கப்படும். அலுவலர் 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும், அதுவரை திருமணம் நடக்காது. ஆட்சேபணையை ஏற்று அவர் மறுத்தால் மணமக்களில் எவரும் 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆட்சேபித்தவருக்கு அந்த மேல்முறையீட்டு உரிமையை இச்சட்டம் தரவில்லை. ஆட்சேபணை நியாயமற்றது, நல்லெண்ணத்தோடு செய்யப்படவில்லை என்று தெரிந்தால் மணமக்களுக்கு 1000 ரூபாய் வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். 1954இல் அந்தத் தொகைக்கு ஒரு கனம் இருந்திருக்கும். இன்றோ, பொய்யாக ஒரு முதல் மனைவியைக் கற்பித்து ஒரு மாதம் இழுத்தடிக்க நினைப்பவரை அது தடுக்காது.

திருமண நாள் எளிமையானது. மூன்று சாட்சிகள் வேண்டும், மூவருக்கும் அடையாள ஆவணம் வேண்டும். மணமக்களும் சாட்சிகளும் மூன்றாம் அட்டவணை உறுதிமொழியில் கையெழுத்திட, அலுவலர் மேலொப்பமிடுவார். மாலையோ தாலியோ மோதிரமோ எந்தச் சடங்கும் வைத்துக்கொள்ளலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அலுவலர் முன்னும் சாட்சிகள் முன்னும், உன்னை என் சட்டப்படியான கணவனாக, மனைவியாக ஏற்கிறேன் என்று இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லியே ஆக வேண்டும். அந்த வாக்கியம் இல்லாமல் திருமணம் முழுமையடையாது. பிறகு தரப்படும் சான்றிதழ் திருமணத்துக்கு முடிந்த முடிவான சான்று. அதில் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.

இத்தனை நாள் காத்திருக்க முடியாதவர்களைக் குறிவைத்துத்தான் ‘ஒரே நாளில் ரிஜிஸ்டர் மேரேஜ்’ என்ற விளம்பரங்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஒரே நாள் என்பது கிடையவே கிடையாது. அப்படிச் சொல்பவர்கள் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. இருவரையும் இந்து என்று காட்டி ஒரு கோயில் ரசீதோடு இந்து திருமணச் சட்டத்தில் பதிவது, அல்லது ஒருவரை அவசரமாக மதம் மாற்றுவது. முதலாவது ஆபத்தானது. ஒருவர் கிறித்தவராகவே இருந்துகொண்டு இந்து திருமணச் சட்டத்தின் கீழ் செய்த திருமணம் செல்லாது என்று 2008இல் குல்லிபில்லி சௌரியா ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தும் பயனில்லை. சடங்கே நடக்காமல் வாங்கிய பதிவுச் சான்று இந்து திருமணத்தை உண்டாக்காது என்று 2024 ஏப்ரலில் டாலி ராணி வழக்கிலும் அதே நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும், அது நடந்த திருமணத்துக்கு ஒரு பதிவு மட்டுமே. நடக்காத திருமணத்தையோ செல்லாத திருமணத்தையோ அது செல்லுபடியாக்காது. பத்தாண்டு கழித்து ஓய்வூதியத்துக்கோ சொத்துக்கோ வழக்கு வரும்போதுதான் இது உறைக்கும், அப்போது பாதிக்கப்படுவது பெரும்பாலும் பெண்.

மதமாற்றத்திலும் சொல்லப்படாத ஒரு விலை உண்டு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கொள்ளப்படுவார்கள். காதலுக்காக இஸ்லாத்துக்கோ கிறித்தவத்துக்கோ மாறும் தலித் இளைஞர் அந்தத் தகுதியை இழக்கிறார். சிறப்புத் திருமணச் சட்டத்தில் யாரும் மாற வேண்டியதில்லை என்பதால் அவருடைய சான்றிதழுக்கு எதுவும் ஆகாது. நம்பிக்கையால் மதம் மாறுவது ஒருவரின் அரசியலமைப்பு உரிமை, அதைக் குறைசொல்ல எவருக்கும் இடமில்லை. பலகையிலிருந்து தப்பிக்க வேண்டுமென்றே ஒருவர் மாற நேர்ந்தால் அங்கே தவறு சட்டத்தின் பக்கம். மதமாற்றத்துக்கு எதிராகக் குரல் எழுப்புகிறவர்களிடம் நான் வைக்கும் கேள்வியும் இதுதான்: மாறாமலே மணக்க வழி செய்யும் சட்டத்தை எளிமையாக்கக் கேட்காமல், மணமக்களைத் துரத்துவது எதற்காக?

சொத்து பற்றிய வதந்திகள் இன்னொரு பக்கம். வேற்று மதத்தவரை இச்சட்டத்தில் மணக்கும் இந்து, கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார் என்கிறது 19ஆம் பிரிவு. இதைக் காட்டிச் சொத்தில் உனக்கு உரிமையில்லை என்று மிரட்டுகிறார்கள். பிரிவது என்றால் பங்கை இழப்பதல்ல, அன்றைய தேதியில் அவருக்குரிய பங்கு அவருக்கே. வாரிசுரிமை பாதிக்கப்படாது என்பதை 20ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. அவருக்குப் பின் அவருடைய சொத்து 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி இறங்கும்: பிள்ளைகள் இருந்தால் துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. மணமக்கள் இருவருமே இந்து, பௌத்த, சீக்கிய, சமண மதத்தவர் என்றால் 1976இல் சேர்க்கப்பட்ட 21அ பிரிவின்படி இந்த மாற்றம் எதுவும் இல்லை, வழக்கமான இந்து வாரிசுரிமையே தொடரும். எப்படியானாலும் உயில் ஒன்று எழுதி வைப்பது புத்திசாலித்தனம்.

இந்த வாரிசுரிமை மாற்றத்துக்காகவே சட்டத்தை நாடியவர்களும் உண்டு. கேரளத்து வழக்கறிஞரும் நடிகருமான சி. ஷுக்கூர், 1994இல் இஸ்லாமிய முறைப்படி மணந்த தன் மனைவியையே 2023 மார்ச் 8 அன்று சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மறுபடி மணந்தார். அவர்களுக்கு மூன்று மகள்கள், மகன் இல்லை. தனிச்சட்டப்படி மகள்களுக்கு மூன்றில் இரண்டு பங்குதான், மீதியில் அவருடைய உடன்பிறந்தார்க்கும் உரிமை வரும். அதை மாற்றவே அந்தப் பதிவு. மார்க்க அறிஞர்கள் சிலர் கண்டித்தார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் ஒரே ஊரில் ஒரே மதத்தில் இருப்பவர்களும் தங்களுக்கான குடும்பச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை அந்த ஒரு கையெழுத்து ஊருக்குக் காட்டியது. ஏற்கெனவே நடந்த திருமணத்தை 15ஆம் பிரிவில் பதிய விரும்புவோருக்கு மூன்று எச்சரிக்கை: பதியும் நாளில் பெண்ணுக்கும் 21 நிறைந்திருக்க வேண்டும், மாமன் மகள் அத்தை மகன் உறவு இங்கும் தடை, இதற்கும் 30 நாள் பொது அறிவிப்பு உண்டு.

மதங்களின் நிலையை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு ஜமாஅத் இத்திருமணத்தை நிக்காஹ் என்று ஏற்காமல் இருக்கலாம். கத்தோலிக்கத் திருச்சபை, திருமுழுக்குப் பெறாதவரை மணக்க ஆயரின் சிறப்பு அனுமதி கேட்கும். கோயிலில் இடம் தர மறுக்கலாம். இவற்றையெல்லாம் சட்டம் மாற்றவில்லை, மாற்றவும் கூடாது. எது பாவம் என்று சொல்லும் உரிமை அவரவர் மதத்துக்கு உண்டு. எது செல்லும் என்று சொல்வது நாடாளுமன்றத்தின் வேலை. இரண்டுக்கும் நடுவே ஒழுக்கம் என்ற பெயரில் ஊர் நுழைகிறது. அதை வாசலில் நிறுத்தாமல் உள்ளே அழைத்து உட்கார வைப்பது அந்த 30 நாள் பலகை என்பதே என் குறை.

பலகையை ஆதரிப்பவர்களின் வலுவான வாதத்தை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. ஏற்கெனவே மணமானவன் அதை மறைத்து இன்னொரு பெண்ணை ஏமாற்றலாம், அறிவிப்பு இருந்தால் முதல் மனைவிக்குத் தெரிய வாய்ப்புண்டு என்பார்கள். கவலை உண்மையானது. ஆனால் அதே கவலை இந்து திருமணச் சட்டத்துக்கும் பொருந்துமே? அங்கே முன்னறிவிப்பு ஒரு நாள்கூட இல்லை. சாதி மாறி மணக்கும் இரண்டு இந்துக்கள் காலையில் மாலை மாற்றி மறுநாளே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஏமாற்றுக்காரர்கள் மதம் மாறி மணப்பவர்களிடையே மட்டும் இருப்பார்கள் என்று எண்ண எந்த ஆதாரமும் இல்லை. அலுவலகச் சுவரில் ஒட்டிய ஒரு தாள் வேறு மாநிலத்தில் இருக்கும் முதல் மனைவியின் கண்ணில் படுவது அரிது. அன்றாடம் அந்த வழியே போய்வரும் உள்ளூர்க் கும்பலின் கண்ணில் படுவது மிக எளிது. 2020 ஜூலையில் கேரள அரசு இந்த அறிவிப்புகளை இணையத்தில் ஏற்றுவதை நிறுத்தியது இதனால்தான். தரவிறக்கிய அறிவிப்புகளைச் சமூக ஊடகத்தில் பரப்பி மணமக்களைத் தொல்லைப்படுத்தினார்கள்.

நீதிமன்றங்களும் மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்திருக்கின்றன. 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம், மணமக்களின் வீட்டு முகவரிக்கு அறிவிப்பு அனுப்பும் வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்றது. 2017இல் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையானது. 2018இல் ஹாதியா வழக்கில், துணையைத் தேர்ந்தெடுப்பது அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இவற்றின் மேல் நின்று 2021 ஜனவரியில் சஃபியா சுல்தானா வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம், மணமக்கள் எழுத்தில் விரும்பினால் மட்டும் அறிவிப்பை வெளியிடலாம் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு தமிழ்நாட்டு அலுவலர்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டப் பயன்படும். சட்டப்பிரிவையே எதிர்த்து உச்ச நீதிமன்றம் போன ஒரு மனு, மனுதாரர் இனிப் பாதிக்கப்பட்டவர் அல்ல என்று கூறி 2022 ஆகஸ்டில் தள்ளப்பட்டது. இதில் ஒரு கொடுமையான பொறி இருக்கிறது. மணம் முடிந்தவர் பாதிக்கப்பட்டவர் அல்ல என்றால் மணமாகாதவர்தான் வழக்காட வேண்டும், வழக்காடினாலோ அவர் பெயர் பலகையை விடப் பெரிதாக ஊருக்கே தெரிந்துவிடும்.

தமிழ்நாடு இந்தக் கேள்விக்கு வேறொரு வழியில் முன்பே விடை கண்டிருக்கிறது. புரோகிதர் இல்லாமல், சடங்கில்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று ஐம்பதுகளில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 1967இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். முன்பு நடந்தவையும் செல்லுபடியாயின. வழக்கறிஞர் அலுவலகத்தில் மறைவாக நடக்கும் இத்தகைய திருமணம் செல்லாது, பலரறிய நடக்க வேண்டும் என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தவறு என்றது. குடும்பத்தின் எதிர்ப்புக்கும் உயிராபத்துக்கும் அஞ்சி நிற்கும் இருவரை ஊரறிய அறிவிக்கச் சொல்வது அவர்கள் உயிருக்கே உலை வைக்கும் என்பது அதன் காரணம். இரண்டு இந்துக்களுக்குப் பொருந்தும் இந்தக் காரணம் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் பொருந்தாமல் போவது எப்படி? சொல்லும் வாக்கியம் ஏறக்குறைய ஒன்றேதான். ஒருவர் இன்னொரு மதம் என்பதற்காக அதே வாக்கியத்தைச் சொல்ல ஒரு மாதம் சுவரில் தொங்க வேண்டியிருக்கிறது.

சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு: ஆபத்து இருக்குமென்றால் அறிவிப்பு கொடுக்கும் முன்பே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ மாநகர ஆணையருக்கோ எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, 24 மணி நேர உதவி எண், பாதுகாப்பு இல்லம் ஆகியவற்றை அமைக்கச் சொல்லியிருக்கிறது. மனுவில் அத்தீர்ப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். இருவரும் வயது வந்தவர்கள், சொந்த விருப்பம் என்பதற்கான வாக்குமூலமும் வயதுச் சான்றின் நகலும் அதில் இணைந்திருக்கட்டும். பெண்ணைக் காணவில்லை என்று வீட்டார் புகார் கொடுத்தால் இந்த மனுவே முதல் பதில். காவல் நிலையத்தில் ‘பேசித் தீர்க்கலாம்’ என்று வீட்டாரோடு அனுப்பி வைக்க முயன்றால் மறுக்கும் உரிமை வயது வந்த பெண்ணுக்கு முழுமையாக உண்டு. அசல் சான்றிதழ்களை வீட்டிலேயே விட்டு வந்தவர்கள், பள்ளி, பல்கலைக்கழகத்தில் நகல் கேட்டு விண்ணப்பிக்க எடுக்கும் காலத்தையும் அந்த இரண்டு மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றம் எங்கிருந்து வர வேண்டும் என்று கேட்டால் டெல்லியைப் பார்த்தே கை காட்டுகிறார்கள். திருமணம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டமியற்றக்கூடிய அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் ஐந்தாவது பதிவில் இருக்கிறது. மத்தியச் சட்டத்தைத் தன் எல்லைக்குள் திருத்த மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, 254ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். 7அ பிரிவே மாநிலத் திருத்தம்தான். அதே வழியில் தமிழ்நாடு செய்யக்கூடிய திருத்தம் நீளமானதல்ல. சிறப்புத் திருமணச் சட்டத்தின் ஆறாம் பிரிவில் அறிவிப்பை ஒட்டுவதும் புத்தகத்தை யாரும் புரட்டுவதும் நீக்கப்பட வேண்டும். ஏழு, எட்டு ஆகிய பிரிவுகளின் காத்திருப்புக்குப் பதிலாக, மணமாகாதவர் என்பதற்கு இருவரும் தரும் உறுதிமொழியும், பதிவுத்துறையின் திருமணப் பதிவுகளில் அலுவலரே தேடிப்பார்க்கும் கடமையும் வர வேண்டும். பொய் உறுதிமொழிக்குத் தண்டனை 45ஆம் பிரிவில் ஏற்கெனவே இருக்கிறது. முந்தைய துணை தன் பெயரிலேயே ஆட்சேபணையை அலுவலரிடம் பதிந்து வைக்க ஒரு வழி விட்டால், பலகை காப்பாற்றுவதாகச் சொல்லப்படும் பெண்ணுக்கு இன்றைக்கு இருப்பதைவிடக் கூடுதல் பாதுகாப்புக் கிடைக்கும்.